பாவு இறங்கும்வரை

எங்கள் வாலிபர் மன்றத்தைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் நான் குறுக்கே பேசுவதில்லை. பேசினால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டி வரும். பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் தெருக்கோடியில், குளத்துக்குள் படியை இறக்கிக்கொண்டு நின்ற பழைய சாயப்பட்டறையை நாங்கள்தான் படிப்பகமாக மாற்றினோம். யாரிடமும் கூலி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, மூன்று மாதம் உழைத்தோம். அது உண்மை. அந்தப் பட்டறைக்குள் ஒரு குடும்பமும் ஒரு தறியும் இருந்தன, அவர்களை வெளியே தள்ளினோம். அதுவும் உண்மை. முதல் உண்மையைச் சொல்ல ஊரே இருக்கிறது. இரண்டாவதைச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன் எங்கள் தெருவில் நான் மட்டும்தான் என்பதால் மன்றத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மனு எழுதுவேன். மேடையில் ஐந்து நிமிஷம் திக்காமல் பேசுவேன். அந்த இரண்டை வைத்துக்கொண்டு என்னை நானே பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு திரிந்த காலம். தலைவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. அவரிடம் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. தலைவராவதற்கு எங்கள் தெருவில் அது போதும்.

பட்டறை எங்கள் பாட்டன்மார் காலத்துக்கும் முந்தியது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய முழ அகலச் சுவர். தெருப்பக்கம் பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு போல இருக்கும். குளத்துப் பக்கம் போனால் பின்வாசலிலிருந்தே கருங்கல் படி நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். உள்ளே வரிசையாக அடுப்பு மேடைகள், கல்தொட்டிகள். பட்டு நூலைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்து, சூடு ஆறுவதற்குள் பின்வாசல் வழியே இறங்கிக் குளத்தில் அலசுவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோதே அது நின்றுவிட்டது. சாயம் தோய்க்கிறவர்கள் அவரவர் கொல்லையிலேயே அண்டா வைத்துக்கொண்டார்கள். பட்டறையின் ஓடு சரிந்தது, உத்தரத்தில் ஆலஞ்செடி முளைத்தது. சொந்தக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். அவர்களுக்கு நான் ஒரு மனு எழுதிப் போட்டேன். பொதுக்காரியத்துக்கு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் கார்டு வந்தது. அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தெரு முழுக்கக் காட்டினேன்.

பின்கட்டில் குடியிருந்தவரைப் பற்றி அந்தக் கார்டில் ஒரு வரி இல்லை. நானும் மனுவில் எழுதவில்லை.

அவர் மாகறல் பக்கத்துக் கழனிக்காரக் குடும்பம். மழை இல்லாமல் போன ஒரு வருஷத்தில் மனைவியோடு ஊருக்குள் வந்து, ஒரு நெசவுக்காரர் வீட்டில் எடுபிடியாக இருந்து, பார்த்துப் பார்த்தே தறிவேலை கற்றுக்கொண்டவர். அப்போது நாற்பது வயதிருக்கும். பிள்ளைகுட்டி கிடையாது. தறிக்குழி உள்ள வீட்டை எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்குத்தான் வாடகைக்கு விடுவார்கள். அதனால் அவர் இடிந்த பட்டறையின் பின்கட்டில், மேலே ஓடு மிச்சமிருந்த மூலையாகப் பார்த்து, தானே குழி தோண்டித் தறி போட்டுக்கொண்டார். பத்து வருஷமாக அங்கேதான். பட்டும் சரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்ளும் முதலாளி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். எங்களில் பாதிப்பேர் அவருக்குத்தான் நெய்தோம். இவரும் அவருக்கே நெய்தார். இவர் நெய்த சேலையில் உடலும் கரையும் சேருகிற இடத்தை விரலால் தடவினால் ஒரு நெருடல் இருக்காது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவரை அழைக்க மாட்டோம். ஆனால் அவர் தெருவில் பாவு நீட்டினால் எல்லோரும் போவோம். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை. ஒரு பாவில் மூன்று சேலை வரும். தறியில் ஏற்றுவதற்கு முன் அதை விடியற்காலையில் தெருநீளத்துக்கு நீட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்துப் பிடித்து, இழைகளைப் பிரித்துவிட்டு, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்து, காயக் காயச் சுருட்ட வேண்டும். எட்டுப் பேராவது இல்லாமல் முடியாது. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். இதற்குக் கூலி கிடையாது, யாரும் யாரையும் கூப்பிடுவதும் கிடையாது. பாவு கட்ட முளை அடிக்கிற சத்தம் கேட்டால் பல் விளக்குகிறவன் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே பாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டே பிடித்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தறியில் பாவு இருக்கும்போது நெய்கிறவனைக் குழியிலிருந்து கிளப்பக் கூடாது. காலி செய்யச் சொல்கிற வீட்டுக்காரன்கூடப் பாவு இறங்கும்வரை, அதாவது அந்த மூன்று சேலையும் நெய்து முடியும்வரை, வாயை மூடிக்கொண்டிருப்பான்.

நாங்கள் போய்ப் படிப்பகத்தைப் பற்றிச் சொன்னபோது அவர், புதிதாகப் பாவு ஏற்றியிருந்த தறியின் குழியிலிருந்து ஏறி வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நல்ல காரியம்தான்பா. நாலு பேர் படிக்கட்டும்" என்றார். "இந்தப் பின்கட்டு மட்டும் எனக்கு உட்டுடுங்க. நான்பாட்டுக்கு ஒரு ஓரமா நெஞ்சிக்கினு இருப்பேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்கிற வேலை செயலாளருடையது.

"பார்க்கலாம்ணா" என்றேன். "பாவு இறங்கட்டும். அதுவரைக்கும் உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"பாவு இறங்கினா நான் இன்னா சொல்றது. உங்க இஷ்டம்பா" என்றார். மனிதருக்கு முகம் தெளிந்துவிட்டது. நான் பார்க்கலாம் என்று சொன்னதை அவர் நம்பினார். தலைவரும் நானும் வெளியே வந்ததும், பின்கட்டில் கேரம்போர்டு போட்டால் எத்தனை பேர் உட்காரலாம் என்று பேசிக்கொண்டே நடந்தோம்.

சிரமதானம் தொடங்கியது. முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தோம். மூன்றாவது ஞாயிறு பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் என்ன தெரியும்? குழியில் உட்கார்ந்து காலால் மிதிக்கத் தெரியும், கையால் குறுக்கிழை ஓட்டும் நாடா எறியத் தெரியும். ஏணியில் ஏறச் சொன்னால் நாலாவது படியில் தலை சுற்றியது. மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் இரண்டு பேருக்குள் சண்டை. குளத்துப் படியில் மண்டிக் கிடந்த சேற்றை வாரப் போனவன் சேற்றோடு சேர்ந்து உள்ளே போனான்.

பின்கட்டில் குடியிருந்தவர்தான் எங்கள் வேலையைக் காப்பாற்றினார். கழனியிலும் மண்சுவரிலும் வளர்ந்தவர் இல்லையா. எந்த மூங்கில் தாங்கும், சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப் போட வேண்டும், ஓடுகளை எந்தச் சரிவில் அடுக்கினால் மழைநீர் நிற்காது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாரமெல்லாம் தறியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு முன்னால் கூரைமேல் இருப்பார். நாங்கள் கீழேயிருந்து ஓடு எடுத்துக் கொடுப்போம், பாட்டுப் பாடுவோம், பீடி பிடிப்போம். ஓட்டு மேஸ்திரி என்று அவருக்குப் பேர் வைத்தோம். சிரிப்பார்.

அவர் மனைவி ஒரு குண்டான் நிறையக் கூழ் கரைத்து மோர்மிளகாயோடு எல்லோருக்கும் கொண்டு வந்து ஊற்றுவார். எங்களில் சிலர் அதை வாங்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போய்க் குளத்தில் கொட்டிவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொள்வார்கள். நான் குடித்தேன். குடித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். எவ்வளவு மட்டமான பெருமை அது என்று இப்போது தெரிகிறது.

ஒருநாள் உச்சி வெயிலில் அவர் மேலே இருக்கும்போது எங்கள் ஆள் ஒருவன் ஏணியை எடுத்து ஒளித்துவிட்டான். விளையாட்டுக்குத்தான். ஒரு மணி நேரம் ஏணி வரவில்லை. அவர் முதலில், "ஏணி எங்கபா" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை. கையிலிருந்த ஓடுகளையெல்லாம் அடுக்கிவிட்டு, துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு முகட்டில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கீழே நிழலில் படுத்துக்கொண்டு சிரித்தோம். இறங்கி வந்தபோது உள்ளங்காலெல்லாம் கொப்புளம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். இப்படி ஒரு மனிதனை எதுவும் செய்யலாம் என்று அன்றைக்கு எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது.

பின்கட்டுக் கூரையைக் கடைசியாக வைத்துக்கொண்டார். மற்ற இடத்துக்கு எடுத்துக்கொண்டதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்கிவிட்டு, நல்லதாகப் பொறுக்கி வைத்தார். அது தனக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். கேரம்போர்டுக்கு ஒழுகாத கூரை கிடைக்கிறதே என்று நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம்.

பொங்கல் கழித்துத் திறப்புவிழா என்று முடிவாயிற்று. சேலை முதலாளிதான் சிறப்பு விருந்தாளி. இரண்டு மின்விசிறி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மார்கழி நடுவில் நான் ஏதோ சாக்கில் பின்கட்டுக்குள் போய்த் தறியைப் பார்த்தேன். மூன்றாவது சேலை பாதிக்குமேல் ஏறியிருந்தது. கணக்காகப் பொங்கலுக்கு முன்னால் இறங்கிவிடும். நிம்மதியாக வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் மனைவி முதலாளி வீட்டிலிருந்து துணியில் சுற்றிய பட்டோடு வருவதைத் தலைவர் பார்த்துவிட்டார். புதுப் பாவு. பழைய பாவு தீருவதற்குள் புதியதைத் தயார் செய்து, பழையதன் வாலில் இழைக்கு இழை பிணைத்துவிட்டால் தறி நிற்காமல் ஓடும். அப்படிப் பிணைத்துவிட்டால் இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்கு அவரை அசைக்க முடியாது.

அன்று சாயங்காலம் பட்டறையிலேயே கூடினோம். "இன்னாபா இது" என்றார் தலைவர். "பாவு மேல பாவு கட்டிக்கினே இருப்பான். நாம பார்த்துக்கினே இருக்கணுமா? நம்மளை ஏமாத்தறான்பா."

ஏமாற்றவில்லை. நெய்கிற எவனும் அதைத்தான் செய்வான். வெறும் தறியை எவன் வைத்திருப்பான்? என் தறியிலும் அப்படித்தான் ஒன்றோடு ஒன்றாகப் பிணைத்துப் பிணைத்து எத்தனையோ பாவு ஓடியிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்.

"புதுப் பாவு தறியில ஏறினாத்தானே? அவரு நீட்டட்டும். புடிக்க யாரும் போவ வாணாம்."

பாவு பிடிக்கப் போகாமல் இருப்பது என்ற ஒன்று எவன் மூளையிலும் அதுவரை வந்ததில்லை. சுவரில் சாய்ந்திருந்த ஒருவன், "பாவுக்குப் போவாம எப்பிடிபா" என்றான்.

"ஒரு நாளைக்குப் போவாட்டி இன்னா ஆயிடும்? அவரை அடிக்கிறமா, சாமானைத் தூக்கி வெளியில போடறமா? பேசாம ஊட்டுல இருக்கப் போறோம், அவ்ளோதான்."

படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டினார்கள். அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னவனும் நான்தான்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் முளை அடிக்கிற சத்தம் கேட்டது. என் மனைவி அடுப்படியிலிருந்து எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அறுந்த இழை முடிவதில் தெருவிலேயே அவள் கைதான் வேகம்.

"எங்க?" என்றேன்.

"பாவு" என்றாள்.

"இன்னிக்கு வாணாம்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

குளத்தங்கரை ஓரமாக அவர் பாவை நீட்டியிருந்தார். பட்டு, அரக்கு நிறம். கல்யாணச் சேலைக்கானது. முனையில் அவர், நடுவில் கஞ்சிக் குண்டானோடு அவர் மனைவி. தெருவில் ஒரு ஆள் இல்லை. கதவுகள் மட்டும் பாதி பாதி திறந்திருந்தன. பனி அதிகம், தூங்குகிறார்கள், வந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். வெயிலுக்குப் பயந்து கஞ்சியைத் தெளித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. எங்கள் தெருவில் பிறந்த யாராக இருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பார்கள், ஏனென்றால் ஆள் வராமல் இருந்ததே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி ஒவ்வொரு வாசலாக வந்தார். என் வாசலுக்கும் வந்தார்.

"தம்பி, பாவு நீட்டிக்கினு இருக்கோம்பா. இன்னான்னு தெரியல, யாரையும் காணோம். நீயாச்சும் ஒரு கை வாயேன்."

"வேலை இருக்குதுண்ணி."

"காத்தாலே இன்னா வேலை தம்பி? கஞ்சி போட்டாச்சு, காய்ஞ்சிடும்பா."

கையிலிருந்த காபி டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். இதுதான் வேலை என்பதுபோல. அந்த அம்மாள் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த வாசலுக்குப் போனார்.

வெயில் ஏறியது. நாங்கள் ஏழெட்டுப் பேர் பட்டறையின் முன்படியில் வந்து உட்கார்ந்துகொண்டோம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அவர் ஒரு முனையை இழுத்துக் கட்டிவிட்டு மறுமுனைக்கு ஓடினார். மறுமுனையைச் சரிசெய்வதற்குள் நடுவில் தொய்ந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டின. நடுவுக்கு ஓடி வந்து பிரித்தார். குளத்துக் காற்று அடித்தது. அவர் மனைவி நகத்தால் இழையைப் பிரித்துக்கொண்டே அழுதார், பிரிக்கப் பிரிக்க அறுந்தது. எட்டுப் பேர் வேலையை இரண்டு பேர் செய்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. எட்டு மணி வாக்கில் பாவு விறைத்துப்போய்க் கயிறாகிவிட்டது.

அவர் எங்களைப் பார்த்து வந்தார். பத்தடி தள்ளியே நின்றார்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கபா. தப்புன்னா கால்ல வுழறேன். இன்னான்னு தெரிஞ்சாத்தானே வுழறது."

தலைவர் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

எனக்கு அப்போது பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. வேலை முடிந்தது என்று இருந்தது. பல வருஷம் கழித்து என் மனைவி ஒருநாள், "அன்னிக்கு நான் உங்களை மீறிப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க" என்று கேட்டாள். அடித்திருப்பேன் என்றேன். "அதான் போவல" என்றாள். அவள் போகாததையும் என் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கெட்டுப்போன பாவைச் சுருட்டிக்கொண்டு அவர் முதலாளியிடம் போனார். ஆள் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். முதலாளி நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் தெருவில் நீட்டிய பாவுக்கு ஆள் வராமல் போனதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. பட்டைப் பாழாக்கிவிட்டுப் பொய் வேறு சொல்கிறான் என்று விரட்டிவிட்டார். நாங்கள் செய்தது அப்படிப்பட்ட காரியம், பட்டவன் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். இதையெல்லாம் யோசித்துத் திட்டம் போட்டேன் என்று சொன்னால் எனக்கு அதிக மரியாதை கொடுத்ததாகும். அது தானாக அமைந்தது.

தறியில் மிச்சமிருந்த சேலையை அவர் நாலைந்து நாளில் நெய்து முடித்தார். அதில் ஒரு குறை இல்லை. அறுத்து மடித்து முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"பாவு இறங்கிடுச்சுபா" என்றார். "நான் சொன்ன சொல்லு தவற மாட்டேன். நாளைக்குக் காலி பண்ணிடறேன். தறிச் சாமானைத் தூக்க ஆள் வேணும்."

மறுநாள் அத்தனை பேரும் போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிந்துகொண்டவர்கள்கூட வந்தார்கள். தறிக்காலைப் பிடுங்கினோம், படைமரத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம், அச்சையும் விழுதையும் கீழே விழாமல் பதமாக எடுத்து வைத்தோம், ஒற்றைமாட்டு வண்டியில் கயிறு போட்டு இறுகக் கட்டினோம். பார்த்து, பார்த்து என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டோம். ஒருவன் பாட்டுக்கூடப் பாடினான். பாவு பிடிக்க வராத அத்தனை கைகளும் அங்கே இருந்தன.

அவர் மனைவி வண்டிக்குப் பின்னால் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். "இப்பதான் உங்களுக்கெல்லாம் கை வந்துச்சா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களில் ஒருவன் சிரித்துவிட்டான். வேகவதிக் கரைப்பக்கம் யாரோ கொடுத்த ஒரு கீற்றுக் கொட்டாய்க்கு வண்டி போயிற்று. அங்கே தறி போட இடமில்லை, தறிமரங்களை வெளியே சாய்த்து வைத்தார்கள் என்று வண்டிக்காரன் வந்து சொன்னான்.

நாங்கள் தறிக்குழியில் உடைந்த ஓடுகளைக் கொட்டி, மேலே சிமெண்டு பூசி மட்டம் செய்தோம். இரண்டு நாளில் காய்ந்தது. அதன்மேல்தான் கேரம்போர்டு வந்தது.

திறப்புவிழா அன்று காலையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரு மாதத்துக்குள் ஆள் பாதியாகியிருந்தார். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து உடம்பை விறைப்பாக்கிக்கொண்டேன்.

"முதலாளி வர்றாராமே" என்றார் தணிந்த குரலில். "நான் சொன்னா நம்ப மாட்டேன்றாரு தம்பி. வேற எங்க போனாலும் அவரைக் கேட்டுத்தான் பட்டு குடுப்பேன்றாங்க. நீ சொன்னா நம்புவாரு. பாவு கெட்டது எம்மேல தப்பு இல்லைன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுபா. ஏன் யாரும் வரலைன்னு சொல்ல வாணாம். மழை வந்துடுச்சுன்னு சொல்லு. தெருவுல சாவு வுழுந்துடுச்சுன்னு சொல்லு. உனக்கு எது தோணுதோ அதைச் சொல்லு."

எங்கள் குட்டு வெளியே தெரியாமலிருக்க அவரே பொய்யை யோசித்து எடுத்து வந்திருந்தார். "சரிண்ணா, ஓரமா நில்லுங்க" என்றேன். உண்மையாகவே சொல்லிவிடலாம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

முதலாளி வந்தார். மாலை போட்டோம். மின்விசிறியைச் சுற்றவிட்டுக் கைதட்டினோம். பின்வாசலில் நின்று குளத்தைப் பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்றார். மேலே பார்த்து, ஓடு அடுக்கியிருந்த அழகை மெச்சினார். "யாருபா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"நம்ம பசங்களே போட்டதுங்க" என்றார் தலைவர்.

முதலாளி திரும்பியபோது வாசல் ஓரம் நின்றவர் கண்ணில் பட்டுவிட்டார். முகம் மாறியது. "இவன் இங்க எதுக்கு நிக்கறான்? ஒரு முழுப் பாவைப் பாழாக்கிட்டான்யா. கேட்டா, தெருவுல ஆளே வரலைன்றான். நெஜமாபா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். மழை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மார்கழியில் மழை பெய்வதில்லையா? ஆனால் என் கழுத்திலும் ஒரு மாலை இருந்தது, முதலாளி என் தோளில் கை போட்டிருந்தார், சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். ஒரு பொய்யைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, அதில் நானே மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று தோன்றியது. அதைவிடச் சுலபமான பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஆளெல்லாம் வந்தாங்க முதலாளி. நானும் போயிருந்தேன்" என்றேன். "ஏர் புடிச்ச கை. பட்டுக்கு ஒத்துவரல."

சிரித்தார்கள். முதலாளி என் முதுகில் தட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். வாசல் ஓரம் நின்றவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நான் சொன்னது வேடிக்கையாக இருந்ததால் அது ஊர் சுற்றியது. ஏர் பிடித்த கை என்று பெரிய காஞ்சிபுரத்தில் சொன்னார்கள், சின்ன காஞ்சிபுரத்திலும் சொன்னார்கள். அதன்பின் அவருக்கு எந்த முதலாளியும் ஒரு இழை பட்டு கொடுக்கவில்லை. தறிமரங்களை ஒரு ஓட்டல்காரர் அடுப்புக்கு வாங்கிக்கொண்டார் என்று என் மனைவிதான் வந்து சொன்னாள். மழை என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த பொய் அது. எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதைச் சொல்லக்கூட எனக்கு மனசு வரவில்லை.